நிறுத்திய வண்டிக்கு இன்னொரு அறை: இழுப்பறையா, தூக்குக் கூரையா, பந்தலா?

அக்கா அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பின்கதவை நோக்கி நடந்தார். "நீ படித்துச் சொல், தம்பி. உன் அத்தான் எதையும் அரை அடி கூட்டித்தான் சொல்வார்" என்றார். ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து பின்கதவு வரை நான்கு மீட்டர். சுவருக்குச் சுவர் 1.8 மீட்டர். பெருக்கினால் 7.2 சதுர மீட்டர், நம் வழக்கப்படி 77 சதுர அடி. மடிப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறையே இதைவிடச் சற்றுப் பெரியது.

நாங்கள் நின்றது பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பட்டறை முற்றத்தில். டிராவலர் வகை வேன்களைத் தங்கும் வண்டிகளாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அத்தான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. தரங்கம்பாடி, தனுஷ்கோடி, வால்பாறை என்று ஒரு பட்டியல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பயணம் பெரும்பாலும் இருவருக்கு. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் இருவர் சேர்ந்துகொள்வார்கள். 77 சதுர அடியில் கட்டில், கழிப்பறை, குளிர்பெட்டி எல்லாம் போட்டபின் மிஞ்சுவது ஒருவர் நடந்தால் மற்றவர் உட்கார வேண்டிய நடைபாதை. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி எழுந்தது: வண்டி நின்றபின் அதைப் பெரிதாக்க எந்த வழியைக் கேட்பது?

என்னை அழைத்ததற்குக் காரணம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் வேலை பார்த்ததுதான். கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், கேஸ்கெட் என்று எதை எடுத்தாலும் தண்ணீர் எங்கே நுழையும் என்றே என் கண் தேடும். இந்தக் கட்டுரையிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். இப்படித் தங்கும் வண்டியைக் கேரவன் என்றும் சொல்வார்கள். ஆனால் சென்னையில் கேரவன் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சாலிகிராமம், வளசரவாக்கம் தெருக்களில் படப்பிடிப்பு வீட்டு வாசலில் நிற்கும் நடிகர்களின் வண்டி. அது காலையில் வந்து நின்றால் இரவுவரை நகராது. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும், பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். அத்தானின் வண்டிக்கு இவை எதுவும் இல்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று இடங்களில் நிற்கும், சாலையோரப் புளியமரத்தடியில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும், இரவில் ஏதாவது ஒரு விடுதி வளாகத்தில் நிற்கும். படப்பிடிப்பு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு அதே வசதியைக் கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

இழுப்பறை

பட்டறைக்காரர் முதலில் காட்டியது சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் பெட்டி. மேசை இழுப்பறையைப் போல, பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி சோபாவையோ கட்டிலையோ சுமந்துகொண்டு இரண்டடி வெளியே போகும். புறப்படும்போது உள்ளே வந்து சுவரோடு சுவராகப் பொருந்திக்கொள்ளும். அமெரிக்காவின் நியூமார் நிறுவனம் 1990இல் இதை மோட்டார் வீடுகளில் கொண்டுவந்தது. அதன்பின் அங்கே இழுப்பறை இல்லாத பெரிய வண்டியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அங்கே வண்டிகள் பத்து மீட்டருக்கும் மேல் நீளம். கேரவன் பூங்காவில் நிறுத்தும் இடத்திலேயே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு இருக்கும். வெளியே பனி கொட்டும் மாதங்களில் குடும்பமே உள்ளே உட்கார வேண்டும். அந்தத் தேவைக்கு இது அருமையான விடை.

உள்ளே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் மூன்று வகை. தரைக்கடியில் பற்சட்டமும் பற்சக்கரமும் வைத்து மின்மோட்டாரால் தள்ளுவது ஒன்று. கனமான பெட்டிகளுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தண்டு. மூன்றாவது, பக்கச் சுவர்களிலேயே தண்டவாளம் பதித்து, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு மோட்டார் வைப்பது. இந்த மூன்றாவது வகை எடை குறைவு, தரைக்கடியில் இடமும் பிடிக்காது. ஆனால் இரு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒன்று பின்தங்கினால் பெட்டி கோணலாகி நடுவில் நின்றுவிடும். எந்த வகையாக இருந்தாலும் மின்சாரம் போனால் கையால் சுற்றி உள்ளே இழுக்க வழி உண்டா, அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது, வயதானவர் அதைச் சுற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெரிந்தவர் ஒருவரின் மனையில் நின்ற அப்படியொரு வண்டியில் ஓர் இரவு தங்கினேன். மாலையில் அழகாக வெளியே போன பெட்டி காலையில் உள்ளே வர மறுத்தது. இரவில் பின்சக்கரம் ஒன்று மணலில் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டதால் பெட்டி வாய்க்குள் பொருந்தவில்லை. ஜாக்கி வைத்து, பலகை கொடுத்து, வண்டியை மட்டப்படுத்தி, பிறகு முக்கால் மணி நேரம் கையால் சுற்றினோம். நெய்தல் நிலத்து மணலில் வண்டியை மட்டமாக நிறுத்துவது பேச்சுக்குத்தான் எளிது.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். வழக்கமான கதவில் ரப்பர் ஓர் இடத்தில் அழுந்தி நிற்கும். இழுப்பறையின் ரப்பர் இரண்டு வேலை செய்ய வேண்டும்: பெட்டி நகரும்போது அதன் கூரையையும் பக்கங்களையும் துடைக்க வேண்டும், முழுவதும் வெளியே போனபின்னும் உள்ளே வந்தபின்னும் அழுந்தி அடைக்க வேண்டும். வெயிலையும் ஓசோனையும் தாங்குவதில் ஈபிடிஎம் ரப்பர் நல்லது, பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள். ஆனால் எந்த ரப்பரையும் சூட்டில் நெடுநாள் அழுத்தி வைத்தால், அழுத்திய வடிவத்திலேயே தங்கிவிடும்; விட்டபின் பழையபடி எழாது. சென்னை வெயிலில் மாதக்கணக்கில் மூடியே நிற்கும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். இன்னொன்று: ஈபிடிஎம் மீது கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சிலிக்கான் தெளிப்பான் மட்டுமே ஆகும். பட்டறையில் இருந்த மாதிரி வண்டியின் ரப்பரில் விரலை வைத்தேன், கறுப்பாக ஒட்டியது. யாரோ கிரீஸ் பூசியிருந்தார்கள். அத்தானிடம் விரலைக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் மேல் மழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். வெளியே நீட்டிய பெட்டிக்குத் தனிக் கூரை, அதன் மேல் தேங்கும் நீர், அதில் விழும் வேப்பிலை, புளியஞ்சருகு. பெட்டியை உள்ளே இழுக்கும்போது ஈர இலைகளும் சேர்ந்து உள்ளே வரும். இதைத் தடுக்கப் பெட்டியோடு சேர்ந்து விரியும் ஒரு துணிக் கூரை உண்டு. அதையும் சேர்த்தே விலை கேளுங்கள். கடற்கரை உப்புக் காற்று இரும்புப் பற்சட்டத்தை என்ன செய்யும் என்பதைக் கொட்டிவாக்கத்திலோ திருவான்மியூரிலோ குடியிருப்பவர்களின் சன்னல் கம்பிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, இத்தனைக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது? இரண்டு மீட்டர் நீளம், 0.6 மீட்டர் ஆழம் உள்ள பெட்டி 1.2 சதுர மீட்டர் தரை தரும். 13 சதுர அடி. அதன் உயரம் 1.6 மீட்டர் என்றால், இரு பக்கமும் மேலும் கீழுமாக வெயிலும் வெப்பக் காற்றும் தொடும் பரப்பு 4.3 சதுர மீட்டர் கூடுகிறது. கிடைத்த தரையைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். அதை ஏசியால் குளிர்விக்க வேண்டும். வண்டியில் 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் இருந்தால் அதில் உள்ள மொத்த ஆற்றல் 2.56 யூனிட். ஒரு டன் ஏசி சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும்போது, மற்ற இழப்புகளையும் சேர்த்தால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். மே மாத இரவு அதைவிட நீளமானது.

நிறுத்தும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்தும் கட்டத்தின் அகலம் 2.5 மீட்டர். டிராவலர் வகை வண்டியே ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலம். பெட்டியை நீட்டினால் 2.7. பக்கத்துக் கார்க்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

இழுப்பறை உள்ள வண்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். விற்பவர் எப்போதும் பெட்டியை நீட்டி வைத்துத்தான் காட்டுவார். உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். பிறகு கழிப்பறைக்குப் போக முடிகிறதா, குளிர்பெட்டியின் கதவு திறக்கிறதா, ஒருவராவது படுக்க முடிகிறதா என்று பாருங்கள். சாலையோரம் அரைமணி நேரம் நிற்கும்போது நீட்ட முடியாது. அப்போது கழிப்பறைக்கு வழியில்லை என்றால் அந்த வண்டி அக்காவுக்கு உதவாது. மாதிரி வண்டியில் குளிர்பெட்டி அரை சாண் திறந்தது. தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க முடியவில்லை.

தூக்குக் கூரை

இரண்டாவது வழியின் வேர் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும். வோக்ஸ்வாகன் வேனுக்குள் பொருத்தும் தங்கும் பெட்டியை வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951இல் செய்யத் தொடங்கியது. 1950களிலேயே இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் இருந்த மார்ட்டின் வால்டர் நிறுவனம் டார்மொபில் என்ற பெயரில், பக்கவாட்டில் கீல் வைத்துத் திறக்கும் கூரையோடு வேன்களை விற்றது. கூரை மேலே எழும். இடையில் துருத்திபோல மடிந்திருக்கும் கேன்வாஸ் துணி சுவராக விரியும். குள்ளமான வேனுக்குள் குனிந்தே நடந்தவர் நிமிர்ந்து நிற்கலாம், கூரையடியில் ஒரு பரண் கட்டிலும் கிடைக்கும்.

இதன் உண்மையான பலம் மூடியிருக்கும்போதுதான் தெரியும். வண்டி தாழ்வாகவே இருப்பதால் அடுக்குமாடியின் தூண்தள நிறுத்துமிடத்துக்குள் நுழையும், பக்கக் காற்றில் ஆடாது. மாருதி ஈகோ போன்ற சிறு வேனைத் தங்கும் வண்டியாக நினைப்பவர்களுக்கு, சட்டம் இடம் கொடுத்தால், நான் முதலில் சொல்லக்கூடிய வழி இதுவே. சூடான காற்று மேலே எழுந்து துணியின் வலைச் சன்னல் வழியாக வெளியேறும். தையில், மாசியில் ஓர் இரவு இதனடியில் படுத்துப் பாருங்கள், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த நாட்கள் நினைவுக்கு வரும்.

ஆனால் டிராவலர் வகையில் ஏற்கெனவே நின்று நடக்கலாம். அங்கே தூக்குக் கூரை தருவது பரண் கட்டில் மட்டும்: இரண்டு மீட்டருக்கு 1.2 மீட்டர் என்றால் 26 சதுர அடி, அதுவும் படுக்க மட்டுமே. பேரப்பிள்ளைகள் குதூகலிப்பார்கள். அக்காவால் ஏற முடியாது. துணிச் சுவர் என்பதால் ஏசிக் குளிர் தங்காது. கோடையில் ஒன்று கூரையைத் திறக்கலாம், அல்லது ஏசி போடலாம். மழையில் நனைந்த துணியை அப்படியே மடித்துக்கொண்டு வீடு வந்தால், மறுநாளே திறந்து காயவைக்க வேண்டும். மறந்தால் இரண்டு வாரத்தில் பூஞ்சை. சென்னையின் ஈரக் காற்றில் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவைக்கே அந்தக் கதி நேர்கிறது.

அத்தானுக்கு இதில்தான் மனம். "பிள்ளைகள் மேலே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாமே, மச்சான்" என்றார். வண்டிக் கூரையை வெட்டித்தான் இதைப் பொருத்த வேண்டும் என்று சொன்னேன். வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் போட்டு வலுவூட்ட வேண்டும். கூரை என்பது வண்டி கவிழும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கும் எலும்பு. அதைக் கண்ட பட்டறையில் வெட்டக் கூடாது.

கூரை மேல் பொருத்தும் மடக்குக் கூடாரத்தைப் பற்றியும் கேட்டார். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, இரவில் ஏணியில் இறங்க வேண்டும். ஜீப் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு நல்லது. அடுத்த வழிக்குப் போகலாம்.

பந்தல்

நம் ஊரில் வீட்டில் இடம் போதாவிட்டால் என்ன செய்தார்கள்? கல்யாணத்துக்கு வாசலில் பந்தல். மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்குச் சாயவும் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு. விருந்தாளி வந்தால் திண்ணை. உள்ளறையை அகலப்படுத்த யாரும் சுவரை நகர்த்தவில்லை. வண்டிக்கும் இதே விடை உண்டு: பக்கவாட்டில், கூரை விளிம்பை ஒட்டி ஒரு நீளமான பெட்டி, அதற்குள் சுருட்டிய துணி. கைப்பிடியைச் சுற்றினால் துணி இரண்டரை மீட்டர் வெளியே வரும், இரண்டு கால்களை இறக்கி ஊன்றினால் முடிந்தது. இத்தாலியின் ஃபியாமா, சுவீடனின் தூலே போன்றவை இதற்குப் பெயர் பெற்றவை. மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்று போட்டால் 7.5 சதுர மீட்டர், 80 சதுர அடி. வண்டியின் உட்புறத்தையே இன்னொரு முறை வெளியே விரித்தது போல. இழுப்பறை தரும் இடத்தைப்போல ஆறு மடங்கு. செலவு மூன்றிலும் இதற்கே குறைவு.

இது அறை ஆகுமா என்று கேட்கலாம். சுவர் வேண்டியவர்கள் துணிக் கூரையின் ஓரப் பள்ளத்தில், கயிறு வைத்துத் தைத்த விளிம்பைச் செருகி இழுத்து, சுற்றிலும் திரை தொங்கவிடலாம். முழு அறைபோல ஷாமியானாத் துணியால் அடைக்கும் வகைகளும் விற்கின்றன. குளிர்நாட்டார் அதைத்தான் விரும்புகிறார்கள். சென்னையில் அப்படி அடைத்தால் வேகும். நமக்கு வேண்டிய சுவர் கொசுவலை. மாலை ஆறு மணிக்கு மேல் முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ காயலோரம் உட்கார்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. காற்று வரும், கொசு வராது, உள்ளே இருந்து வெளியே தெரியும். சாய்வு நாற்காலி இரண்டு, ஒரு பாய், ஒரு மடக்கு மேசை. இதுவே கூடம்.

எதிரி காற்று. சென்னையில் கோடை இடிமழை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ மேற்கிலிருந்து வரும். முதலில் புழுக்கம், பிறகு திடீரென்று புழுதிக் காற்று. விரித்த துணி பாய்மரமாகிவிடும். கால்களையும் பிடுங்கிக்கொண்டு வண்டிக் கூரைக்கு மேல் புரண்டுவிடும். படுக்கும் முன் சுருட்டிவிட வேண்டும், வண்டியை விட்டுக் கடைக்குப் போவதென்றாலும் சுருட்டிவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயலில் நகரத்து மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களிடம் ஐப்பசி, கார்த்திகையில் பந்தலை நம்பு என்று நான் சொல்லப்போவதில்லை. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணமே வேண்டாம்.

இரண்டாவது எதிரி தேங்கும் நீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 7.5 சதுர மீட்டர் துணியில் 20 மில்லிமீட்டர் மழை வழியாமல் தேங்கினால் 150 லிட்டர், 150 கிலோ. நம் பருவமழைக்கு 20 மில்லிமீட்டர் ஒரு மணி நேர வேலை. எனவே ஒரு காலை மற்றதைவிட ஒரு சாண் தாழ்த்தி ஊன்ற வேண்டும். நீர் ஒரு மூலையில் வழிந்துவிடும். பந்தல்காரர்கள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

மூன்றாவது, மணல். கூடார ஆணி கடற்கரை மணலில் நிற்காது. பழைய உரச்சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, இரண்டடி ஆழத்தில் கிடைமட்டமாகப் புதைத்துவிடுங்கள். மேலே இருக்கும் மணலின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். கயிறு வாங்கக் காசிமேட்டுக்குப் போங்கள். படகு கட்டும் கயிறு, உப்புக்கும் வெயிலுக்கும் பழகியது. வண்டியின் பின்பக்கத்துக்கு ஒரு தனிச் சாய்ப்பு வேண்டுமானால் பாரிமுனையில் தார்ப்பாய் வாங்கி, ஓரங்களில் வளையம் அடித்து, சவுக்குக் கம்பு இரண்டு நட்டால் போதும். பார்வைக்கு அழகாக இருக்காது.

இடத்தைக் கூட்டாமலே கூட்டுவது

விலைப்பட்டியலில் இல்லாத நான்காவது வழி இது. 77 சதுர அடிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையே மறுபடி கேட்பது. பகலில் கட்டில் எதற்கு? எதிரெதிர் இரண்டு பெஞ்சு, நடுவில் தாழ்த்தக்கூடிய மேசை. இரவில் மேசையைப் பெஞ்சு மட்டத்துக்கு இறக்கி மெத்தையைப் போட்டால் கட்டில். முன்னிருக்கை பின்னோக்கித் திரும்பினால் ஓட்டுநர் பகுதியும் கூடத்தோடு சேரும். ஆனால் அதற்குரிய சுழல்தட்டு சீட் பெல்ட்டோடு சேர்த்துச் சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், பட்டறையில் வெல்டிங் செய்ததாக இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் அடுப்பை வெளியே எடுப்பது. மாதிரி வண்டியில் சமையல் மேடை கழிப்பறைக்கு எதிரில், நடுவழியில் இருந்தது. அக்கா அங்கே நின்று பார்த்துவிட்டு, "இதற்குள் கடுகு தாளித்தால் இரவு முழுக்கத் தலையணையில் வாசம் வரும்" என்றார். சரியான பேச்சு. சூடு, புகை, ஈரம் மூன்றும் உள்ளே சேரும். பின்கதவைத் திறந்தால் வெளியே இழுக்கும்படி ஒரு நீண்ட தட்டில் அடுப்பும் அஞ்சறைப்பெட்டியும் வைத்தால், சமையல் வெளியே போய்விடும். உள்ளே ஐந்தாறு சதுர அடி திரும்பக் கிடைக்கும். இழுப்பறை வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இந்த ஓர் இழுப்பறைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இது கெட்டுப் போனாலும் கையால் தள்ளி மூடிவிடலாம்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சுவரை வெட்டிப் பெட்டி வைப்பதும் கூரையை வெட்டித் தூக்குவதும் இதற்குள் நேராக வந்து விழும். ஏற்கெனவே பதிவான வண்டியில் இவற்றைச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஆர்.சி. புத்தகத்தில் எப்படி ஏறும் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் அல்ல.

தங்கும் வண்டிகளுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற இந்திய வாகனத் தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவத்தில் கட்டுபவரிடம் புதிதாக வாங்கினால் பதிவும் காப்பீடும் நேர்வழியில் நடக்கும். இழுப்பறையோ தூக்குக் கூரையோ வேண்டுமென்றால் அந்த ஒப்புதல் பெற்ற வரைபடத்திலேயே அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். பந்தல் பெட்டியையும் கட்டும்போதே வரைபடத்தில் சேர்த்துப் போடச் சொல்வது நல்லது. பின்னால் துளை போட்டு மாட்டுவதைவிட உறுதியாகவும் இருக்கும், கேள்வியும் வராது. காசிமேட்டுக் கயிற்றுக்கும் சவுக்குக் கம்புக்கும் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

யாருக்கு எது என்று கேட்டால் என் கணக்கு இப்படி. சொந்த மனையில், மின் இணைப்போடு, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தப் போகிறவருக்கு இழுப்பறை பொருந்தும். ஆனால் அவருக்கு அதே பணத்தில் அந்த மனையில் ஓர் அறையே கட்டிவிடலாம் என்பதையும் சொல்லிவிடுவேன். அடுக்குமாடியில் குடியிருந்து, சிறு வேன் வைத்து, இரண்டு நாள் மூன்று நாள் பயணம் போகும் இளம் தம்பதிக்குத் தூக்குக் கூரை. அதுவும் வாங்கும்போதே அந்த வடிவத்தில் வந்தால். நகர்ந்துகொண்டே இருக்கும், முழங்கால் வலியுள்ள, வெளியே உட்காரப் பிடிக்கும் எல்லோருக்கும் பந்தலும் கொசுவலையும். வால்பாறைக் குளிரில் இது போதாதே என்று அத்தான் கேட்டார். போதாதுதான். அங்கே உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றேன்.

கடைசியில் எழுதிக் கொடுத்தது: இடப்பக்கம் மூன்று மீட்டர் பந்தல், சுற்றிலும் வலைத்திரை, பின்கதவில் அடுப்புத் தட்டு, உள்ளே மடக்குக் கட்டில். பேரப்பிள்ளைகளுக்கு நடைபாதையில் பாய்.

இடப்பக்கம் ஏன் என்று பட்டறையில் இருந்த பையன் கேட்டான். நம் ஊரில் வண்டியின் வாசற்கதவு இடப்பக்கம் என்பது முதற்காரணம். இன்னொன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையை விட்டுத் தெற்கே போகும்போது இடப்பக்கம் கடல். வண்டியின் மூக்கைத் தெற்கு நோக்கி நிறுத்தினால் பந்தல் கிழக்கே விரியும். பிற்பகலில் கடற்காற்று நேராக வரும். மேற்கு வெயிலை வண்டியே மறைத்து, அதன் நிழல் பந்தலுக்குள் விழும். மாலையில் மேற்கிலிருந்து புழுதிக் காற்று கிளம்பினாலும் முதல் அடியை வண்டியின் மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி பிறந்தபின் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து வரும், அப்போது பந்தலைச் சுருட்டியே வைக்க வேண்டும்.

அத்தான் தூக்குக் கூரையின் படத்தை மடித்துப் பயணப் பட்டியலோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர், பந்தலைச் சுற்றும் கைப்பிடி முன்பக்கம் வரட்டுமா, பின்பக்கம் வரட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அக்கா நாடாவை எடுத்துத் தன் கை எட்டும் உயரத்தை அளந்து காட்டினார். "பின்பக்கம். அடுப்பு அங்கேதானே இருக்கிறது. மழை வந்தால் சுருட்டப்போவது நான்தான்."